பைக்குள் கத்திய பன்றிக்குட்டிகள்

சிட்டுவின் அம்மாவுக்குப் பயம் என்பது காய்ச்சல் மாதிரி வந்து போகிற சமாசாரம் இல்லை. கூடவே பிறந்தது. லிஃப்டில் ஏறினால் நடுவில் நின்றுவிடுமோ என்று பயம். படியில் இறங்கினால் கால் சறுக்கிவிடுமோ என்று பயம். பக்கத்து வீட்டு நாயைக் கட்டித்தான் போட்டிருப்பார்கள், இருந்தாலும் கயிறு அறுந்து தொலைத்தால் என்ன செய்வது என்று எதிர்ப்பக்கம் போய் நடப்பாள். உலர்சலவைக் கடை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து, ஊராரின் ஜிப்பையும் பட்டனையும் சரிசெய்து கொடுப்பது அவள் வேலை. அங்கேயும் முடிச்சுக்கு மேல் முடிச்சுதான். "சட்டை கிழிஞ்சாலும் கிழியும், இவ தச்ச பட்டன் கழலாது" என்று கடைக்கார அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பயந்து பயந்து அவள் கண்ட லாபம் அந்த ஒரு நல்ல பெயர்தான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த நாத்தனார் இருக்கிறாளே, அவள் நேர் எதிர். கணவனுக்கு மூத்தவள், பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு "ஒண்ணுமே இல்ல, வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிச் சொல்லி, உலகத்தில் எதுவுமே வலிக்காது என்று அவளே நம்பிவிட்டாள். சனி, ஞாயிறு ஆனால் போதும், குடையைக் கவிழ்த்த மாதிரி ஒரு மைக்கைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் கிளம்பிவிடுவாள். பறவைகள், தவளைகள், எது வாயைத் திறந்தாலும் பதிவு செய்துகொள்வாள். ஆட்களின் வாய் அலுத்துப்போய் மிருகங்களின் வாய்க்குப் போய்விட்டாள் என்று அவள் தம்பி, அதாவது சிட்டுவின் அப்பா, கிண்டல் செய்வான்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடியை நகர்த்திவிட்டுத் தேநீர்க் குவளை அளவுள்ள ஸ்பீக்கரை நடுவில் வைத்தாள்.

"எல்லாரும் வாயை மூடுங்க. இன்னிக்குக் காலையில ஏரிப் பக்கம் பிடிச்சேன்."

போனில் எதையோ தட்டினாள். மேஜை மேலேயே ஒரு கூட்டம் குட்டிகள் கீச்சுக்கீச்சென்று கத்த ஆரம்பித்தன. காட்டுப்பன்றிக் குட்டிகள். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, மிதித்துக்கொண்டு, அப்படி ஒரு ரகளை. நடுவில் ஒரு குட்டிக்கு மட்டும் ஏதோ சளி போல. கத்தி முடித்ததும் "க்ஹும் க்ஹும்" என்று கிழவனைப் போல இருமியது. சிட்டு நாற்காலியில் இருந்து விழாத குறையாகச் சிரித்தாள். கடைசியில் நாத்தனாரின் குரலே தாழ்ந்து கேட்டது: "அடடா... என் செல்லங்களே!" அதோடு பதிவு முடிந்தது.

"பல்லு பிடுங்கும்போது ஒருத்தரையாவது செல்லம்னு கூப்பிட்டிருக்கியாக்கா?" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். சிட்டு அந்த இருமலை இருமிக் காட்ட, மறுபடியும் சிரித்தார்கள்.

சிட்டுவின் அம்மா மட்டும் கேட்டாள். "இதுங்களோட அம்மா எங்க இருந்துச்சு அண்ணி?"

"எங்கயாவது பக்கத்துல மேஞ்சிட்டிருந்திருக்கும். நான் எங்க பார்த்தேன்? புதருக்குள்ள இருந்து சத்தம்தான் வந்துச்சு."

"அது வந்திருந்தா?"

"வரலியே!" என்றாள் நாத்தனார். அவளைப் பொறுத்தவரை பேச்சு அங்கே முடிந்துவிட்டது. "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் என்கூட வர்றீங்க. சிட்டுவுக்கும் ஆறு வயசாச்சு. டீவியிலயே பறவை பார்த்துட்டிருந்தா எப்படி?"

வேண்டாம் என்ற வார்த்தை சிட்டுவின் அம்மாவின் தொண்டை வரைக்கும் வந்தது. கல்யாணமான நாளாக அந்த வார்த்தை அந்த இடத்தில்தான் குடியிருக்கிறது. கணவனைப் பார்த்தாள். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. "அக்கா கூடத்தானே போறீங்க, அப்புறம் என்ன பயம்?" என்று சொல்லிவிட்டு அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான். சிட்டுவோ அத்தையின் மடியில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. சிட்டுவின் அம்மா சரி என்று தலையாட்டினாள்.

காலையில் குழந்தையின் பையைத் தயார் செய்தாள். அந்தப் பையை அவள் போன மாதம்தான் பிரித்துத் தைத்திருந்தாள். சிட்டு பையை எங்கே கழற்றினாலும் அங்கேயே விட்டுவிட்டு வருகிற பெண். அதனால் இரண்டு தோள்பட்டைகளையும் நெஞ்சுக்கு நடுவில் சேர்த்துப் பூட்டுகிற மாதிரி பட்டை வைத்து, மலையேறுகிறவர்களின் மூட்டைக்குப் போடுகிற கெட்டிக் கிளிப்பாகப் பார்த்துப் பொருத்தியிருந்தாள். பெரியவர்கள் இரண்டு கட்டைவிரலையும் வைத்து ஒருசேர அழுத்தினால்தான் திறக்கும். குழந்தை தலைகீழாக நின்றாலும் திறக்காது. பை தொலையவே தொலையாது என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

குளிர்காலம் அப்போதுதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தது. மரங்களில் இலை இன்னும் வரவில்லை, மொட்டுகள் மட்டும் நுனியில் பிசுபிசுவென்று உட்கார்ந்திருந்தன. ஏரியைச் சுற்றிப் போகிற நடைபாதை பாதி தூரம் மண், பாதி தூரம் சதுப்பின் மேல் போட்ட பலகை. வண்டிகளை நிறுத்தும் இடத்தில் இவர்கள் கார் மட்டும்தான் நின்றது. அதைப் பார்த்ததுமே சிட்டுவின் அம்மாவுக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. நாத்தனாருக்கோ அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

"கூட்டமே இல்ல பாரு! காதுக்கு விருந்து." காரைப் பூட்டிவிட்டுச் சிட்டுவின் முன்னால் மண்டியிட்டாள். "சட்டம் என்ன?"

"கத்தக் கூடாது. ஓடக் கூடாது."

"ஏதாவது மிருகம் வந்தா?"

"மரமா நிக்கணும்."

"என் தங்கம்! மரம் பயப்படுமா?"

"பயப்படாது."

அம்மாவுக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. ஏதாவது வந்தால் அம்மாவிடம் ஓடி வா என்றுதான் அவள் சொல்லியிருப்பாள்.

நடந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் கொஞ்ச தூரம் நன்றாகவே இருந்தது. வாய்க்கால் தேக்கத்தில் தவளை முட்டைகள் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி திரள்திரளாக மிதந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புப் புள்ளி. சிட்டு குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மரங்கொத்தி பட்டுப்போன மரத்தில் படபடவென்று கொத்திவிட்டு, யாராவது கேட்டார்களா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. கரை ஓரத்தில் நின்ற கொக்கு ஒன்று இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. புல்லுக்குள் இருந்து ஒரு முயல் எழுந்து, வாயில் ஏதோ மென்றபடி நின்று, சட்டென்று மறைந்தது. சிட்டுவின் அம்மாவுக்கே ஒரு கணம் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அந்தச் சிரிப்பு அடுத்த திருப்பத்திலேயே போய்விட்டது. பாதையின் ஓரம் முழுக்க மண்ணைக் கிளறிப் போட்டிருந்தது. வேர்களெல்லாம் வெளியே கிடந்தன.

"இது என்ன அண்ணி?"

"பன்னி கிழங்கு தோண்டியிருக்கு. பழசு, பழசு."

சிட்டுவின் அம்மா செருப்பு நுனியால் ஒரு மண்கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஈரம் கறுப்பாகப் பளபளத்தது. வேரின் வெட்டுவாய் வெள்ளையாக இருந்தது. காய்கறி நறுக்குகிற எவளுக்கும் தெரியும், வெட்டி நேரமானால் அது கறுத்துப்போய்விடும். இதைச் சொல்ல வாயெடுத்தாள். நாத்தனார் உதட்டில் விரலை வைத்து உஷ் என்றாள். இவளும் வாயை மூடிக்கொண்டாள். பிற்பாடு இந்த ஒரு இடத்தை நினைத்து நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை.

நாத்தனார் தேடி வந்தது ஒரு நாணல் குருவியை. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், வருடத்தில் இந்தச் சில வாரங்கள் மட்டும்தான் பாடும், மற்ற நாளெல்லாம் நாணலுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கும். அதை வெளியே வரவழைக்க அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. அதே குருவியின் பாட்டை ஸ்பீக்கரில் போட்டால், எவன்டா என் இடத்தில் வந்து பாடுகிறவன் என்று உண்மையான குருவி சண்டைக்கு வரும். வந்து பதிலுக்குப் பாடும். அதை இவள் மைக்கில் பிடித்துக்கொள்வாள். ஸ்பீக்கர் ஒரு பக்கமும் மைக் ஒரு பக்கமும் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலகைப் பாதை ஒரு சின்னச் சதுப்பு வெளியைச் சுற்றி வளைந்து போயிற்று. அந்த வளைவின் மறுகோடியில், பாதையை ஒட்டி ஒரு வெட்டுமரக் கட்டை. ஸ்பீக்கரை நாத்தனார் காரில் வரும்போதே சிட்டுவின் பைக்குள் போட்டிருந்தாள்.

"சிட்டு, நீ போய் அந்தக் கட்டையில உட்காரு. பையைக் கழட்ட வேண்டாம். நீதான் இன்னிக்கு ஸ்பீக்கர். குருவி உன் தோள்மேலயே வந்து உட்காரும் பாரு."

"தனியாவா?" என்றாள் சிட்டுவின் அம்மா.

"தனியா என்ன தனியா? இதோ கண்ணு முன்னாலதானே இருக்கு. கூப்பிட்டா கேட்கிற தூரம். பெரியவங்க பக்கத்துல நின்னா குருவி வராது. உன் பயத்தை அவ தலையில ஏத்தாதே."

சிட்டு ஏற்கெனவே கிளம்பிவிட்டாள். பலகையில் அவள் காலடிச் சத்தம் டொக் டொக்கென்று தேய்ந்து போனது. கட்டையில் ஏறி உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, சிலை மாதிரி ஆனாள். சிவப்பு ஸ்வெட்டர் அந்தப் பழுப்பு வெளியில் பொட்டு வைத்த மாதிரி தெரிந்தது.

நாத்தனார் ஸ்பீக்கர் நிற்காமல் திரும்பத் திரும்பப் பாடும்படி போனில் முதலிலேயே அமைத்து வைத்திருந்தாள். இப்போது போனை எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வெள்ளெழுத்துக் கண்ணாடி காரிலேயே கிடந்தது. எதையோ தட்டினாள். போனைக் கோட்டுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மைக்குக் குடையை நாணல் பக்கம் திருப்பி, சிட்டுவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

சதுப்பின் மறுகோடியில் இருந்து கீச்சுக்கீச்சென்று கத்தல் கிளம்பியது. பன்றிக்குட்டிகள்.

சிட்டுவின் அம்மா சட்டென்று கட்டைப் பக்கம் பார்த்தாள். குழந்தை உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குட்டிகள்! குட்டிகள் இருந்தால் தாய் இருக்கும். நாத்தனாரைத் தொட்டாள். நாத்தனார் திரும்பினாள். கல்யாண மேடையில்கூட அவள் முகம் அப்படி மலர்ந்திருக்காது. ஹெட்போனைக் காட்டி, நாணலைக் காட்டி, 'கேட்குதா? நிஜக் குட்டிங்க!' என்று வாயை மட்டும் அசைத்தாள். மைக்கில் பதிவுப் பொத்தானையும் அமுக்கினாள்.

அப்போது அந்த இருமல் கேட்டது. க்ஹும், க்ஹும்.

சாப்பாட்டு மேஜை சிட்டுவின் அம்மாவின் கண் முன்னால் வந்தது. நகர்த்தி வைத்த தண்ணீர் ஜாடி, நடுவில் ஸ்பீக்கர், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த குழந்தை. இது நேற்றுக் கேட்ட குட்டிகள். இவை நாணலுக்குள் இல்லை. என் குழந்தையின் முதுகில் இருக்கின்றன.

"அண்ணி! அது உங்களது! நீங்க போட்டது!" நாத்தனாரின் கையைப் பிடித்து உலுக்கினாள். நாத்தனார் எரிச்சலோடு கையை உதறிவிட்டு உஷ் என்றாள். பதிவாகிக்கொண்டிருக்கிறதாம்!

அடுத்த கணம் சதுப்பின் மறுபுறத்தில் இருந்து, குழந்தையின் பைக்குள் இருந்து, நாத்தனாரின் குரலே வந்தது. "அடடா... என் செல்லங்களே!"

நாத்தனாரின் முகம் வெளுத்துப்போனது. தன் குரலையே தன் ஹெட்போனில் கேட்டவள் பேயறைந்த மாதிரி நின்றாள். நாணல் காட்டில் மடமடவென்று எதுவோ முறிந்தது. அந்தப் பக்கம் நாணல் நுனிகள் ஒரு கோடாகப் பிரிந்து பிரிந்து, கட்டையை நோக்கி வந்தன.

வெளியே வந்தது. வாஷிங்மெஷினைப் படுக்கப் போட்ட அளவு உடம்பு. முதுகெல்லாம் விறைத்த மயிர், வயிற்றில் காய்ந்த சேறு, அடியில் பால் கட்டித் தொங்குகிற மடி. சேற்றைச் சிதறடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்து, சிட்டு உட்கார்ந்திருந்த கட்டைக்கு முன்னால் நின்றது.

சிட்டு கத்தவில்லை. எழுந்துகூட ஓடவில்லை. மரமாக இருந்தாள்.

இங்கேதான் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சிட்டுவின் அம்மாவும் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, கால் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. வாழ்நாள் பூராவும் எதற்கெல்லாமோ பயந்தவள், கடைசியில் பயப்பட வேண்டியது வந்து நிற்கும்போது பலகையின் மேல் ஆணியடித்த மாதிரி நின்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. குட்டி கத்தினதும் பன்றி ஓடி வந்துவிட்டது, நான் பெற்றவள் நிற்கிறேனே என்று மட்டும் தோன்றியது. தன்னை அந்த அளவுக்கு அவள் என்றைக்கும் வெறுத்ததில்லை.

பன்றி சிட்டுவைச் சுற்றி வந்தது. முகர்ந்தது. பைக்குள் இருந்து குட்டிகள் மறுபடியும் முதலில் இருந்து கத்த ஆரம்பித்தன. பன்றி குழந்தையின் முதுகில் மூக்கை வைத்து, அடித்தொண்டையில் இருந்து உர், உர் என்று மெதுவாகக் கூப்பிட்டது. பதிலுக்குக் குட்டிகள் கத்தின. மூக்கால் பையை ஒரு தள்ளு தள்ளியது. சிட்டு கட்டையில் இருந்து சரிந்து, பலகையில் முழங்கால் போட்டாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நாத்தனாருக்கு உயிர் வந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோட்டுப் பையின் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். "நிறுத்திடறேன்... இதோ நிறுத்திடறேன்..."

"நிறுத்தாதீங்க!"

அந்தக் குரல் யாருடையது என்று சிட்டுவின் அம்மாவுக்கே ஒரு கணம் தெரியவில்லை. நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்திருந்ததும் அவள் கைதான்.

"சத்தம் இருக்கிற வரைக்கும் அது குட்டியைத் தேடும். திடீர்னு நின்னுச்சுன்னா, குட்டிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைக்கும். அப்ப அது முன்னால இருக்கிறது என் பொண்ணு. தொடாதீங்க அண்ணி. போனைத் தொடவே தொடாதீங்க."

வேண்டாம் என்று நாத்தனாரிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. நாத்தனார் கையை எடுத்துவிட்டாள்.

பிறகு சிட்டுவின் அம்மா நடந்தாள். பயம் போய்விட்டதாக யாராவது நினைத்தால் அது தப்பு. பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் நடந்தாள். குழந்தையின் பையில் கிளிப்பைப் போட்டவள் அவள். அவள் போனால்தான் அது திறக்கும்.

பலகை முனகியது. பன்றி தலையைத் தூக்கியது. காது இரண்டும் முன்னால் வந்தன. வாயை மென்றது, பற்கள் டக் டக்கென்று இடித்துக்கொண்டன, கடைவாயில் நுரை தள்ளியது. சிட்டுவின் அம்மா நின்றாள். பைக்குள் இருந்து "அடடா... என் செல்லங்களே!" என்று கேட்டது. மறுபடி கீச்சல். பன்றியின் தலை பைக்குத் திரும்பியது. இவள் இன்னும் கொஞ்சம் நடந்தாள்.

கிட்டே போனதும் நாற்றம் முகத்தில் அடித்தது. சேறும் பாலும் அழுகிய இலையும் கலந்த நாற்றம். அவள் குழந்தைக்கு எதிரே மண்டியிட்டாள். குழந்தையின் தோளுக்கு மேலே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அந்த மூக்கு. ஈரமாக, அசைந்துகொண்டே. அதற்கு மேலே சின்னக் கண்கள் இரண்டு. அவள் அந்தக் கண்களைப் பார்க்கவில்லை. தன் பெண்ணின் கண்களைப் பார்த்தாள். அவை விரிந்து கிடந்தன, ஒரு சொட்டு நீர்கூட இல்லை.

"தரேன்" என்று முணுமுணுத்தாள். குழந்தையிடமா பன்றியிடமா என்று கேட்டால் இரண்டு பேரிடமும்தான். "தரேன், தரேன். உன்னோடது உனக்கே தரேன். என்னோடதை எனக்குக் குடு."

கிளிப்பில் கட்டைவிரல்களை வைத்தாள். வழுக்கியது. விரல்கள் வேர்வையில் ஊறிப்போயிருந்தன. மறுபடி வைத்தாள், நடுக்கத்தில் இரண்டு விரலும் ஒருசேர அழுந்தவில்லை. பாவி, எவ்வளவு கெட்டியாகப் பார்த்து வாங்கினாய்! பொறுமை இழந்த பன்றி பையைக் கவ்வி இழுத்தது. குழந்தை பின்னால் சாய்ந்தாள், பட்டை அவள் நெஞ்சை இறுக்கியது, வாயில் இருந்து ஹக்கென்று காற்று வந்தது. அம்மா ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அது, நடுவில் குழந்தை. அவள் ஒரு கையைப் பாவாடையில் அழுத்தித் துடைத்தாள். பிறகு மற்றதை. கடையில் சிக்கிக்கொண்ட ஜிப்பை எடுப்பதுபோல, இழுப்புக்கு எதிராகப் போகாமல், குழந்தையையே பன்றியின் பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொடுத்தாள். அந்த ஒரு தள்ளலுக்கு அவள் உடம்பில் இருந்த உயிர் முழுவதும் செலவானது. பட்டை தளர்ந்தது. இரண்டு கட்டைவிரலும் ஒருசேர அமுங்கின.

கிளிப் திறந்தது.

பட்டை தோளில் இருந்து உருவிக்கொண்டு போனது. பை போனது. குழந்தை அம்மாவின் மேல் வந்து விழுந்தாள். பன்றி பையைக் கீழே போட்டு மூக்கால் புரட்டியது, கூப்பிட்டது, முகர்ந்தது. அம்மா குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, எழுந்திருக்கக்கூடப் பயந்து, முழங்காலாலேயே பின்னால் பின்னால் நகர்ந்தாள். பலகையின் சிலாம்பு முழங்காலில் ஏறியது, அது சாயங்காலம்தான் அவளுக்குத் தெரிந்தது.

பன்றி பைப்பட்டையை வாயில் கவ்விக்கொண்டு சேற்றில் இறங்கியது. கத்துகிற பையை நாணலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று. போனுக்கு எட்டாத தூரம் வந்ததோ என்னவோ, ஒரு கீச்சலின் பாதியிலேயே சட்டென்று அறுந்தது.

எல்லாம் அடங்கியது. நாணலுக்குள் பன்றி உர் என்றது. பதில் இல்லை. மறுபடி உர் என்றது, இந்தத் தடவை உரக்க. பதில் இல்லை. சிட்டுவின் அம்மா குழந்தையின் முகத்தைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். இப்போது அது திரும்பி வரும். வந்தால் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்போது ஏரியின் பக்கம், வெகு தூரத்தில், ஒரு இருமல் கேட்டது. க்ஹும், க்ஹும். அதற்குப் பின்னாலேயே சன்னமாகக் கீச்சல்.

நாணல் மடமடவென்று முறிந்தது. முறிகிற சத்தம் அந்த இருமலை நோக்கியே போய், போய், இல்லாமல் ஆனது.

காருக்குத் திரும்பினார்கள். நாத்தனார் மைக்கை விட்டுவிட்டு வந்திருந்தாள், எடுக்கப் போகிறேன் என்றும் சொல்லவில்லை. காரில் ஏறிச் சாவியைப் போட முயன்றாள். சாவி துளையைச் சுற்றிச் சுற்றிக் கீறியது. எத்தனையோ பேர் வாயில் ஊசி போட்ட கை அது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மினாள்.

"தம்பிகிட்ட நான் சொல்றேன். என்ன நடந்துச்சோ அப்படியே நானே சொல்றேன். நீ எனக்காக ஒண்ணும் மறைக்க வேண்டாம். அந்த மண்ணைப் பார்த்து நீ என்னமோ சொல்ல வந்தே. நான்தான் வாயை அடைச்சேன்."

சிட்டுவின் அம்மா பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். அவளுக்கு நாத்தனார்மேல் கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அதற்குக் கீழே வேறொன்று அறுத்துக்கொண்டிருந்தது. அது வெளியே வராமல் இருக்கப் போவதில்லை.

"சிட்டு, அம்மா உடனே வரலடி. பயந்து போய் நின்னுட்டேன்."

"தெரியும். பார்த்தேன். உன் கால் ஆடிட்டே இருந்துச்சு."

"அந்தப் பன்னிகூட உடனே ஓடி வந்துடுச்சு. நான்..."

சிட்டு நெஞ்சில் கிளிப் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டாள். அங்கே சிவந்து போயிருந்தது.

"அதோட குட்டி கத்துச்சும்மா. அதான் வந்துச்சு" என்றாள். "நான் கத்தவே இல்லியே. அப்படியும் நீ வந்தியே."

சிட்டுவின் அம்மா அதுவரை அழாமல் இருந்தவள். இப்போது வாய்விட்டு அழுதாள். நாத்தனார் வண்டியைக் கிளப்பவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று முன்னால் உட்கார்ந்து காத்திருந்தாள்.